முப்பது பேர் மிஞ்சிய மன்றத்தை ஓட்டுவது எப்படி

மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கான ஒரு சின்னத் தமிழ் மன்றத்தில் பதினொரு வருடமாக மட்டுறுத்தராக (மாடரேட்டர்) இருக்கிறேன். மன்றம் என்றால் வாட்ஸப் குழு இல்லை, ஃபேஸ்புக் பக்கமும் இல்லை. பிரிவு, திரி (ஒரு பேச்சும் அதன் பதில்களும் சேர்ந்த தொடர்), பதில், ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் ஒரு செம்பருத்திப் படம், அதற்குக் கீழே ஒரு தத்துவ வரி என்று பழைய மாதிரி இருக்குமே, அது. நன்றாக இருந்த காலத்தில் ஒரே நேரத்தில் அறுபது பேர் உள்ளே இருப்பார்கள். 2018 வாக்கில் ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு பதிவு வந்தது, அதுவும் எவனோ கடன் தருகிறேன் என்று போட்ட எரிதம் (ஸ்பாம்). இப்போது மாதத்துக்கு முப்பது, முப்பத்தைந்து பேர் எழுதுகிறார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் மூடவில்லை. இதே நிலைமையில் மன்றம் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் 'என்ன செய்தீர்கள்' என்று கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

ஏன் காலியானது என்பதில் ரொம்ப நேரம் போக வேண்டாம். எல்லார் கைக்கும் ஸ்மார்ட்போன் வந்தது, அதில் ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் வந்தன, படம் எடுத்த கையோடு போட்டுவிட முடிந்தது. எங்கள் மன்றத்தில் ஒரு தக்காளிப் படம் போட வேண்டுமென்றால் அதைச் சுருக்கி, வேறொரு தளத்தில் ஏற்றி, சுட்டியை எடுத்து வந்து சதுர அடைப்புக்குறிக்குள் ஒட்ட வேண்டும். யார் மெனக்கெடுவார்கள்? ஆனால் பழியெல்லாம் ஃபேஸ்புக் மேல் போட்டுவிடவும் முடியாது. திரும்பிப் பார்த்தால் நாங்களே செய்துகொண்ட இரண்டு காரியங்கள்தான் எங்களை அதிகம் சாய்த்தன. புதிதாக வந்து கேட்டவருக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் விட்டோம். சாவிகள் எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கும்படி விட்டோம். இந்த இரண்டையும் சரிசெய்தால் மற்றவற்றை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடுபட்டு வைத்திருக்க வேண்டுமா என்றால், எனக்கு ஒரே காரணம்தான். வாட்ஸப் குழுவில் மாவுப்பூச்சிக்கு என்ன செய்ய என்று வாரம் ஒருவர் கேட்கிறார், வாரம் ஒருவர் வேப்பெண்ணெய் என்கிறார், எத்தனை மில்லி, சோப்புக் கரைசல் சேர்க்கணுமா, வெயிலில் அடிக்கலாமா என்று பேச்சு வளர்வதற்குள் யாரோ குட்மார்னிங் படம் போட்டுவிடுகிறார். எங்கள் மன்றத்தில் 2011-ல் ஒரு அம்மா தொடங்கிய மாவுப்பூச்சித் திரி இருக்கிறது. மூன்று நாளைக்கொரு தடவை செம்பருத்திச் செடியைப் படமெடுத்து, அடித்ததையும் அளவையும் எழுதி, தோற்றதையும் எழுதியிருக்கிறார். இன்றைக்கும் கூகுளில் தேடி வருகிறவர்களில் கணிசமானவர்கள் நேராக அங்கேதான் இறங்குகிறார்கள். உங்கள் மன்றத்தில் அப்படி நாலு திரி இருந்தால் அது காப்பாற்றத் தக்கது. இல்லையென்றால், கோபித்துக்கொள்ளாதீர்கள், நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

சாவி யாரிடம்?

எங்கள் மன்றத்தைத் தொடங்கியவர் தங்கமான மனிதர். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) அவர் பெயரில், ஹோஸ்டிங் (தளம் இருக்கும் இடத்துக்கான வாடகை) அவர் அட்டையில், எல்லாவற்றுக்கும் அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் மின்னஞ்சல். வேலை மாறினார், மின்னஞ்சல் போயிற்று, புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாருமில்லாத பெட்டியில் போய் விழுந்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் தளத்தைத் திறந்தால் எங்கள் பெயரில் ஏதோ விளம்பரப் பலகை. அவருக்கு ஃபோன் போட்டால் அறுவைசிகிச்சை முடிந்து ஓய்வில் இருக்கிறார். அந்த நேரத்தில் கடவுச்சொல் கேட்க வாய் வருமா?

டாட் காம் மாதிரிப் பெயர்களுக்கு ஒரு கணக்கு உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காலாவதியானதும் உடனே யாரும் பிடுங்கிவிட முடியாது. பதிவு செய்த நிறுவனத்தைப் பொறுத்து சில நாளிலிருந்து நாற்பத்தைந்து நாள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள். அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் மாதிரி ஒரு பெரிய தொகை கேட்பார்கள். அதுவும் போனால் 5 நாள், அதற்கப்புறம் பெயர் சந்தைக்கு வந்துவிடும். நாங்கள் மீட்புக் காலத்தில் பிடித்தோம். ஒன்பது பேர் பணம் போட்டுக் கட்டினோம்.

அதற்குப் பிறகு செய்தது இதுதான். மன்றத்துக்கென்றே ஒரு மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் மூன்று பேரிடம், மூவரும் வேறு வேறு ஊர், வேறு வேறு வயது. டொமைனை ஒரே தடவையாகப் பல வருடத்துக்குக் கட்டிவிடலாம், அதிகபட்சம் பத்து வருடம் தருவார்கள். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆமாம், காகித நோட்டு. எங்கே பதிவு செய்தது, எங்கே ஹோஸ்டிங், எந்தத் தேதியில் பணம் கட்ட வேண்டும், மென்பொருள் எந்தப் பதிப்பு, எதில் கைவைத்தால் உடையும், எல்லாம் கையால் எழுதி மூவரிடமும் ஒவ்வொரு பிரதி. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு ஒருவருடைய செல்பேசியில் மட்டும் இருந்தால் மற்ற இருவரிடமும் கடவுச்சொல் இருந்து பயனில்லை, மாற்றுக் குறியீடுகளையும் அந்த நோட்டிலேயே எழுதிவிடுங்கள். ஹேக்கர் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறப்பான் என்று பயப்படுகிற அளவுக்கு நாம் பெரிய ஆளில்லை.

நகல் எடுப்பது, எடுத்தது வேலை செய்கிறதா என்று பார்ப்பது

ஹோஸ்டிங்காரர் நகல் வைத்திருப்பார் என்று நம்பாதீர்கள். மன்ற மென்பொருள் பிஎச்பிபிபியோ எஸ்எம்எஃபோ மைபிபியோ எதுவானாலும் இரண்டு பொருள் வேண்டும்: ஒன்று எழுத்தெல்லாம் இருக்கும் தரவுதளம், மற்றது இணைப்புப் படங்கள் இருக்கும் கோப்புறை. முதலாவதை மட்டும் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்த மன்றங்கள் எனக்கே இரண்டு தெரியும், எழுத்து வந்தது, படம் ஒன்றுகூட வரவில்லை. வெளித்தளத்தில் படம் வைத்தவர்கள் கதை அதைவிட மோசம். 2017-ல் ஃபோட்டோபக்கெட் என்ற படத் தளம் திடீரென்று வெளியே காட்டும் படங்களுக்கு வருடம் 400 டாலர் கேட்டது, உலகம் முழுக்கப் பழைய மன்றங்களில் படங்கள் ஒரே வாரத்தில் சாம்பல் பெட்டிகளாகிவிட்டன. எங்கள் பஞ்சகவ்யத் திரியில் இன்னும் பாதிப் படம் அப்படித்தான் நிற்கிறது.

தமிழ் மன்றங்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி உண்டு. பழைய தரவுதளங்களில் அட்டவணையும், மென்பொருள் அதோடு பேசும் இணைப்பும் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியீடு) என்று சொல்லிக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பது யூனிகோட் தமிழ். பழைய வழங்கியில் (தளம் ஓடும் கணினி) இரண்டு பொய்யும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு ஒழுங்காகத் தெரியும். புது வழங்கிக்கு மாற்றும்போதுதான் குட்டு உடையும். தக்காளி, கத்தரி எல்லாம் தலையில் கொம்பும் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்து நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு இரவு இரண்டு மணிக்கு நான் உட்கார்ந்திருந்த கோலத்தை வீட்டில் கேட்டால் சொல்வார்கள். பயப்படாதீர்கள், எழுத்து அழியவில்லை. பழைய வழங்கியிலிருந்து நகல் எடுக்கும்போதே எழுத்துக்குறித் தொகுதியை லத்தீன்1 என்று கொடுத்து எடுங்கள், எடுத்த கோப்பைத் திறந்து அட்டவணை வரிகளிலும் தொடக்கத்தில் வரும் SET NAMES வரியிலும் லத்தீன்1 என்று இருக்கும் இடங்களை யுடிஎஃப்8எம்பி4 (யூனிகோடின் முழு வடிவம்) என்று மாற்றுங்கள், மாற்றியதைப் புதியதில் அதே பெயரைச் சொல்லி ஏற்றுங்கள். வெறும் யுடிஎஃப்8 என்று விட்டுவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுதள மென்பொருளில் அந்தப் பெயருக்கு ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான் கணக்கு. தமிழுக்கு மூன்று போதும், ஆனால் எமோஜிக்கு நான்கு வேண்டும். ஒருவர் 'அருமை' என்று எழுதி ஒரு கைத்தட்டல் போட்டுவிட்டு அதற்குக் கீழே இரண்டு பத்தி எழுதியிருந்தாரானால், பழைய அமைப்பில் கைத்தட்டலோடு அந்த இரண்டு பத்தியும் வெட்டுப்பட்டுப் போகும். அவர் மட்டுறுத்தர் வெட்டிவிட்டார் என்று நினைப்பார். எங்களிடம் ஒருவர் அப்படித்தான் நினைத்து எட்டு மாதம் பேசவில்லை.

யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டில் கிடக்கும் திரிகள் இருந்தால் அவற்றையும் மாற்றி வையுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் மாதிரிக் கருவிகள் இதற்கென்றே வந்தவைதான். மாற்றாவிட்டால் தேடலில் அந்தத் திரிகள் ஒருநாளும் வராது.

நகலை மாதம் ஒரு தடவை எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் வீட்டுக் கணினியில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் வைக்காதீர்கள்.

புதிதாக வந்தவர்

இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதிய ஒரு கணக்கு இருக்கிறது, இந்த மாதிரி இடங்களில் நூறு பேரில் தொண்ணூறு பேர் படிப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் சளைக்காமல் எழுதுவார் என்று. எங்கள் அனுபவமும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் முகப்பில் காட்டும் 'மொத்த உறுப்பினர்கள் 4,000' எண்ணை மறந்துவிடுங்கள், முடிந்தால் எடுத்தே விடுங்கள். போன மாதம் எத்தனை வேறு வேறு பேர் எழுதினார்கள், அதில் எத்தனை பேர் முதல் தடவை, அந்த முதல் தடவைக்காரர்களில் எத்தனை பேர் இரண்டாவது தடவை எழுதினார்கள், இந்த மூன்றை மட்டும் எண்ணுங்கள். மூன்றாவது எண்தான் நாடி.

ஒரு சம்பவம். திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் சேர்ந்து, அறிமுகமெல்லாம் எழுதி, தொட்டியில் வைத்த கறிவேப்பிலை ஒரு வருடமாக அப்படியே நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டான். மூன்று நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், 'தேடிப் பார்க்கவும், 2012-லேயே பேசியாகிவிட்டது' என்று ஒரே வரி. அவர் சொன்னது உண்மைதான், 2012-ல் பதினான்கு பக்கத்துக்குப் பேசியிருக்கிறோம். ஆனால் அந்தப் பையன் பதினான்கு பக்கம் படிக்க வரவில்லை, அவனுடைய செடியைப் பற்றி யாராவது கேட்பார்களா என்று வந்திருந்தான். அப்புறம் அவன் உள்ளே வரவேயில்லை.

இப்போது எங்களிடம் முறை வைத்திருக்கிறோம், கோயில் பூசை முறை மாதிரி. வாரம் ஒருவர். அந்த வாரம் புதியவர் எழுதும் எதற்கும் ஒரு நாளைக்குள் பதில் போட வேண்டியது அவர் பொறுப்பு. பதில் தெரிய வேண்டுமென்றுகூட இல்லை. தொட்டியா தரையா, எத்தனை மணி நேரம் வெயில் படுகிறது, கடைசியாக எப்போது மண் மாற்றினீர்கள், ஒரு படம் போடுங்கள் என்று திருப்பிக் கேட்டால் போதும். அப்புறம் 'புளித்த மோரைத் தண்ணீர் கலந்து ஊற்றிப் பார்த்தவர்கள் அனுபவம் இந்தத் திரியில் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது' என்று பக்கத்தோடு சுட்டி கொடுக்கலாம். பழைய திரியைக் காட்டுவது தப்பில்லை, அதை மூஞ்சியில் எறிவதுதான் தப்பு. பத்து வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. முறைக்கு ஐந்து பேர் போதும். ஐந்து பேர் கிடைக்கவில்லை என்றால் மூன்று பேர், ஒருவர் மட்டும் என்றால் வேண்டாம், அவர் களைத்துப் போவார்.

வீட்டைச் சின்னதாக்குங்கள்

எங்களிடம் இருபத்தேழு பிரிவுகள் இருந்தன. கீரைக்குத் தனி, கொடிக்காய்க்குத் தனி, கவிதைக்குத் தனி (தோட்ட மன்றத்தில் கவிதை எதற்கு என்று கேட்காதீர்கள், தமிழ் மன்றம் என்றால் கவிதைப் பிரிவு இருக்கும்). புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் படுவது 'கடைசிப் பதிவு: 2015' என்று வரிசையாக இருபது வரி. யார் உட்காருவார்கள்? கேள்வி, தோட்டக் குறிப்பு, விதைப் பரிமாற்றம், அரட்டை என்று நாலாக அடக்கினோம். திரிகள் எதையும் அழிக்கவில்லை, நகர்த்தினோம். பழைய சுட்டிகள் உடையாதபடி நகர்த்துங்கள், கூகுளிலிருந்து வருகிறவர் அந்தச் சுட்டியைப் பிடித்துத்தான் வருகிறார். கவிதைக்காரர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

கூடவே செல்பேசியில் திறந்து பாருங்கள். பிஎச்பிபிபி 3.1-க்கு முந்திய பதிப்பில் இருந்தால் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். பதிப்பை ஏற்றினாலே அதன் வழக்கமான தோற்றம் செல்பேசிக்குப் பொருந்திவிடும். நேரடியாகப் படம் ஏற்றும் வசதியைத் திறந்துவிடுங்கள். டிஸ்கோர்ஸ் மாதிரிப் புது மென்பொருளுக்கு மாறலாமா என்றால், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்குச் சொந்தமாக வழங்கி பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் மாறாதீர்கள்.

வாட்ஸப்போடு சண்டை வேண்டாம். எங்களுக்கும் ஒரு குழு இருக்கிறது, அதைத் திண்ணை என்று சொல்லிவிட்டோம். திண்ணையில் எதை வேண்டுமானாலும் பேசலாம். நல்ல கேள்வியும் உருப்படியான பதிலும் வந்தால், பேசியவர்களிடம் கேட்டுக்கொண்டு யாராவது ஒருவர் மன்றத்தில் திரியாகப் போட்டு, சுட்டியைத் திண்ணையில் வைக்க வேண்டும். அடுத்த வாரம் அதே கேள்வி வரும், கட்டாயம் வரும், அப்போது அந்தச் சுட்டி. இதைச் செய்கிறவர் எங்களில் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எழுத்துப் பிழையையும் திருத்தித்தான் போடுவார்.

மற்றபடி நாட்காட்டியை நம்புங்கள். ஆடி பிறந்தால் 'ஆடிப்பட்டம், என்ன விதைத்தீர்கள்' என்று ஒரு திரி, தைப்பட்டத்துக்கு ஒன்று, ஞாயிறுதோறும் 'இந்த வாரம் பறித்தது'. இரண்டு வெண்டைக்காய் பறித்தவரும் படம் போடலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். டொரோண்டோவிலிருந்து எழுதுகிற எங்கள் உறுப்பினருக்கு ஆடி போனால் அவ்வளவுதான், கொஞ்ச நாளில் பனி கொட்ட ஆரம்பித்துவிடும், அவருக்காக மே மாதத்தில் தனியாக ஒன்று. உங்கள் மன்றம் எதைப் பற்றியதோ அதற்கும் இப்படி ஒரு பஞ்சாங்கம் இருக்கும், தேடி எடுங்கள்.

எரிதம், சண்டை, காசு

பதிவுப் படிவத்தில் வளைந்து நெளிந்த ஆங்கில எழுத்தைப் படிக்கச் சொல்லாதீர்கள், இயந்திரம் மனிதரைவிட நன்றாகப் படிக்கிறது. கேள்வி பதில் வகைக்கு மாற்றி, தமிழில் ஒரு கேள்வி வையுங்கள். 'வேப்பம் பூவை எந்தப் பண்டிகைக்குப் பச்சடி செய்வோம்' என்று வைத்தோம், எரிதம் முக்கால்வாசி நின்றது, ஆனால் இலங்கை நண்பர் ஒருவர் எங்கள் வீட்டில் அப்படிச் செய்வதில்லையே என்று மடல் போட்டார். இப்போது 'வாழைப்பழத்தை உரித்தால் மிஞ்சுவது என்ன'. தோல் என்றாலும் தொலி என்றாலும் உள்ளே விடும். அண்மைக் காலமாக வேறொரு தொல்லை, செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு அள்ள வரும் தானியங்கிகள். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் பக்கங்களைத் திறந்து சின்ன வழங்கியை மூச்சுமுட்ட வைத்துவிடும். வருகிறவர்களை வடிகட்டும் கிளவுட்ஃப்ளேர் சேவையின் இலவசத் திட்டத்தை முன்னால் நிறுத்துங்கள், விருந்தினர்களுக்குத் தேடல் வசதியையும் உறுப்பினர் பட்டியலையும் மூடிவிடுங்கள், பாதிச் சுமை குறையும்.

சண்டைக்கு நீளமான விதிமுறை எழுதாதீர்கள், யாரும் படிப்பதில்லை. செடியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், எதிராளியைப் பற்றிப் பேசக் கூடாது. அவ்வளவுதான் எங்கள் விதி. மீறினால் முதலில் தனிமடல், அப்புறம் ஒரு வாரம் வெளியே. எல்லாம் தெரிந்த, ஆனால் எல்லாரையும் குத்துகிற ஒருவர் ஒவ்வொரு மன்றத்திலும் இருப்பார். அவரை இழக்கப் பயந்து நாங்கள் இரண்டு வருடம் பொறுத்தோம், அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேர் சத்தமில்லாமல் போனார்கள் என்று இப்போது எண்ணினால் வயிறு எரிகிறது. இந்தியாவில் இருந்து நடத்துகிறீர்கள் என்றால், 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள்படி புகார் கேட்க ஒருவர் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும், அதையும் போட்டுவிடுங்கள்.

காசு: எங்களுக்கு எல்லாம் சேர்த்து வருடம் ஏழாயிரத்துச் சொச்சம். விளம்பரம் போட்டுப் பார்த்தோம், வந்தது டீச் செலவுக்குக் காணாது. வருடம் ஒரு தடவை ஆளுக்கு இருநூறு ரூபாய் கேட்கிறோம், கொடுத்தவர் பெயரையும் செலவுக் கணக்கையும் ஒரே திரியில் போட்டுவிடுகிறோம். மெட்டாஃபில்டர் என்ற ஆங்கில மன்றம் மாதிரி சேரவே ஐந்து டாலர் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். அங்கே அது எரிதத்துக்கு வேலி, நம்மிடம் அது வாசலுக்குப் பூட்டு ஆகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

முடியவில்லை என்றால்

மூடுவது குற்றமில்லை. சொல்லாமல் மூடுவதுதான் குற்றம். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று யாஹூவில் எத்தனை தமிழ்க் குழுமங்கள் இருந்தன. 2019 அக்டோபரில் அறிவித்து டிசம்பரில் பழைய மடல்களை எல்லாம் தளத்திலிருந்து எடுத்தார்கள், 2020 டிசம்பர் 15-ல் மொத்தமாகப் பூட்டினார்கள். முன்கூட்டியே எடுத்து வைத்தவர்களிடம் இருப்பதுதான் மிச்சம். நீங்கள் உங்கள் ஆட்களுக்கு ஆறு மாதமாவது கொடுங்கள். புதிய பதிவை நிறுத்தி, படிக்க மட்டும் விடுங்கள். எச்டிடிடிராக் மாதிரி ஒரு கருவியால் முழுத் தளத்தையும் சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாக இறக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிஎச்பியும் வேண்டாம், தரவுதளமும் வேண்டாம், எந்த மூலையிலும் சும்மா கிடக்கும், யாரும் ஹேக் செய்யவும் அதில் ஒன்றுமில்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் முக்கியமான திரிகளை நீங்களே ஒவ்வொன்றாகச் சேமிக்கச் சொல்லுங்கள், அது தானாக வந்து பிடித்திருக்கும் என்று விட்டுவிட வேண்டாம், பல தடவை முதல் பக்கத்தோடு திரும்பிப் போயிருக்கும். தரவுதள நகலை இன்னொருவரிடம் கொடுக்கிறீர்கள் என்றால், கொடுப்பதற்கு முன் தனிமடல் அட்டவணையையும் உறுப்பினர்களின் மின்னஞ்சல், கடவுச்சொல், ஐபி முகவரிகளையும் அழித்துவிடுங்கள். எங்கள் நோட்டில் இது கடைசிப் பக்கத்தில், சிவப்பு மையில் இருக்கிறது.